அழும் குழந்தைக்கு இன்ஹேலர் கொடுத்தால் மருந்து எங்கே போகிறது?

என் மகளுக்கு ஒன்றரை வயதில் அடிக்கடி இளைப்பு வந்ததால், ஸ்டீராய்டு இன்ஹேலரை ஸ்பேசரோடும் (இன்ஹேலரின் மருந்தைச் சற்று நேரம் தேக்கி வைக்கும் பிளாஸ்டிக் குழாய்) மாஸ்க்கோடும் தினமும் இரு வேளை கொடுக்கச் சொன்னார்கள். மாஸ்க்கைக் கண்டாலே வீரிட்டு அழுவாள். நான் கையைப் பிடிக்க, என் மாமியார் காலைப் பிடிக்க, வாய் பிளந்து அழும் நேரம் பார்த்து மருந்தை அடிப்போம். அழும்போது மூச்சை ஆழமாக இழுப்பதால் மருந்து நன்றாக உள்ளே போகும் என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். ஒரு மாதம் ஆகியும் இரவு இருமல் குறையவில்லை. ஒரு நாள் சோறு ஊட்டும்போது, அவள் கன்னத்தின் உட்புறத்தில் திரிந்த பால் போன்ற வெள்ளைத் திட்டுகளைப் பார்த்தேன். துணியால் துடைத்தும் அவை போகவில்லை.

அது பூஞ்சைத் தொற்று என்றும், நுரையீரலுக்குப் போக வேண்டிய மருந்து வாயிலேயே படிந்ததால் வந்தது என்றும் குழந்தை மருத்துவர் விளக்கினார். அழும் குழந்தை நெடுநேரம் மூச்சை வெளியே விட்டுவிட்டு, வெடுக்கென்று ஒரு நொடி மட்டுமே உள்ளே இழுக்கிறது. பேருந்து வேகமாகத் திரும்பும்போது நிற்பவர்கள் ஒரு பக்கம் சாய்ந்து விழுவதைப் போல, அந்த வேகத்தில் வரும் துகள்கள் தொண்டையின் வளைவில் காற்றோடு சேர்ந்து திரும்ப முடியாமல் பின்சுவரில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துகள்கள்தாம் நுரையீரலின் சிறு குழாய்களை எட்டும். அதைவிடப் பெரியவை பெரும்பாலும் வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும். குழந்தையின் மூச்சுப்பாதை குறுகலானது என்பதால், பெரியவர்களுக்குத் தாண்டிப் போகும் துகள்கள்கூட அங்கே வழியிலேயே படிந்துவிடுகின்றன. அப்படிப் படிந்த மருந்தை எச்சிலோடு விழுங்கிவிடுவதால் அது வயிற்றுக்குத்தான் போகிறது. ஒரு மாதமாக நாங்கள் அவளை அழவைத்துக் கொடுத்த மருந்தில் பெரும்பகுதி அங்கேதான் போயிருக்கிறது என்று நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

அதன்பின் சில நாட்கள் மருந்தில்லாத நேரங்களில் மாஸ்க்கை விளையாடக் கொடுத்தோம்; பொம்மைக்கு வைத்தாள், பாட்டிக்கும் வைத்தாள். பிறகு மடியில் உட்காரவைத்து, மூக்கையும் வாயையும் இடைவெளியில்லாமல் மூடும்படி மாஸ்க்கைப் பொருத்தி, ஒரு பஃப் அடித்து, ஒவ்வொரு மூச்சுக்கும் அசையும் ஸ்பேசரின் வால்வு இதழ் ஆறு முறை திறந்து மூடும்வரை எண்ணினேன். முடிந்ததும் முகத்தைத் துடைத்து, வாய்க்குத் தண்ணீர் கொடுத்தேன். அழுகிற நாளில் முதலில் சமாதானப்படுத்துவேன்; மருந்து பத்து நிமிடம் தாமதமாவதில் தவறில்லை.

*

மேலே எழுதியிருக்கும் சகோதரியின் அனுபவத்தைப் படித்தபோது என் மகனின் நினைவு வந்தது. அவனுக்கு 9 வயது என்பதால் அழுகை இல்லை. ஆனால் பலம் கொண்டமட்டும் இழுப்பான். அப்போது ஸ்பேசரில் விசில் சத்தம் வரும், அதைச் சரியாக இழுப்பதன் அடையாளம் என்று நானே பாராட்டியிருக்கிறேன். வேகம் அதிகமானால் மருந்து தொண்டையில் மோதிவிடும் என்று எச்சரிக்கத்தான் அந்த விசிலை வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்பேசரைக் கழுவியதும் துண்டால் நன்றாகத் துடைத்து வைப்பதும் எங்கள் வழக்கமாக இருந்தது. துடைப்பதால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால், இப்போது சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவைக்கிறோம். விசில் கேட்டால் அவனே நிறுத்திக்கொண்டு, அடுத்த மூச்சை மெதுவாகத் தொடங்குகிறான்.