பி.எட். இன்டர்ன்ஷிப்பில் உங்களுக்கு என்ன நடந்தது? என் கதை இது

மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். பி.எட். இரண்டாம் வருடம் தமிழ் மீடியம் பள்ளி ஒன்றுக்கு இன்டர்ன்ஷிப் போனேன். பள்ளியின் பெயர் வேண்டாம். போன முதல் வாரமே கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார், அவருக்குப் பதிலாக யாரையும் போடவில்லை. எட்டாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு இரண்டும் என் தலையில். வகுப்பின் பின்னால் உட்கார்ந்து என்னைக் கவனித்துத் திருத்த ஒரு மென்டர் டீச்சர் இருக்க வேண்டும், ஆனால் அவர் என் வகுப்புக்கு மொத்தமே மூன்று தடவைதான் வந்திருப்பார். தினம் ஐந்து பீரியட், மதியம் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறுவது, பரீட்சைப் பேப்பர் திருத்துவது, அப்புறம் ராத்திரி லெசன் பிளான், சார்ட். ஜூலை மழையில் ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் வகுப்புக்குள்ளேயே வந்துவிடும், முந்தின நாள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை வரைந்த சார்ட் காலையில் நமத்துத் தொங்கும், திரும்ப வாங்க வேண்டும். ஜீப்புக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 90 ரூபாய் ஆனது. எல்லாம் அம்மாவின் கூலியிலிருந்து.

ஒரு நாள் அம்மா கேட்டார்: "நாங்க எடுக்கிற கொழுந்தை எடை போட்டு எழுதுறாங்கல்ல, அதுமாதிரி நீ எடுக்கிற பாடத்தை யாரும் எழுத மாட்டாங்களா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. 2015 செப்டம்பரில் கூலி உயர்வு கேட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்த தோட்டத் தொழிலாளிப் பெண்களில் அம்மாவும் ஒருவர். பொம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. 500 ரூபாய் கேட்டார்கள், 232 ரூபாயாக இருந்த தினக்கூலி 301 ஆனது. அப்படிப்பட்டவரிடம் போய் "இது படிப்பும்மா, கூலி கிடையாது" என்று எப்படிச் சொல்வது?

கற்றுக்கொள்ளத்தான் போகிறோம், சரி. ஆசிரியர் படிப்புகளுக்கு விதி வகுக்கும் மத்திய அமைப்பான என்.சி.டி.இ. 2014-இல் கொண்டுவந்த விதியில்தான் பி.எட். இரண்டு வருடமானது, பள்ளியில் 20 வாரம் இருக்க வேண்டும் என்பதும் வந்தது. அதை நான் குறை சொல்லவில்லை, பிள்ளைகள் முன்னால் நின்றால்தான் பாடம் நடத்த வரும். ஆனால் டாக்டர் படிப்பில் ஆஸ்பத்திரிப் பயிற்சி எடுக்கும் ஹவுஸ் சர்ஜனுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறார்களே, அவரும் கற்றுக்கொள்கிறவர்தானே? 2024-இல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வந்தபோது மாதம் 5000 ரூபாய் என்றார்கள், முழுநேரம் படிக்கிறவர்களுக்குக் கிடையாது என்றார்கள். அதனால் எங்களுக்கு அதுவும் இல்லாமல் போனது. ஒரு ஆசிரியரின் வேலையை முழுசாக வாங்கினால் அதற்குக் காசு கொடுக்க வேண்டும், பயிற்சி என்றால் பயிற்சியாகக் கொடுக்க வேண்டும். வாய் திறந்து கேட்கவும் பயம், இன்டர்ன்ஷிப் ரெக்கார்டில் கையெழுத்துப் போடுவது பள்ளிக்காரர்கள்தானே.

—

அக்கா, நான் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. டிப்ளமோ முடித்துவிட்டு கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் "இன்டர்ன்" என்று சேர்ந்தேன். ஆறு மாதம், சாப்பாடு மட்டும். பக்கத்து மெஷினில் என்னோடு படித்தவனே அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்), அவனுக்கு மாதம் 8000 பேங்கில் விழும். செய்வது ஒரே வேலை! விசாரித்தபோதுதான் தெரிந்தது, 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் பதிவு செய்தால் உதவித்தொகை கட்டாயம், அப்போது டிகிரிக்காரர்களுக்குக் குறைந்தது 9000. அதில் மத்திய அரசும் ஒரு பங்கு கொடுத்தது. அப்படியிருந்தும் என்னை ஏன் பதிவு செய்யவில்லை என்று கேட்டேன். "அடுத்த பேட்ச்ல பார்க்கலாம்" என்றார்கள். ஆறு மாதமும் அதே பதில். இனி சேரப் போகிற தம்பிகள் முதல் நாளே ஒப்பந்த நம்பரைக் கேளுங்கள், இல்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். நான் வாயால் கேட்டேன், கையில் ஒன்றும் இல்லை.

—

வண்டிப்பெரியாறு பக்கம் இருபத்தாறு வருடம் டீச்சராக இருந்தவள். மூணாறுப் பெண் எழுதியதை இரண்டு தடவை படித்தேன், நெஞ்சு அடைத்துக்கொண்டது. நாங்களும் அப்படித்தான் செய்தோம்மா. டிரெய்னிங் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் ஸ்டாஃப் ரூமில் ஒரு நிம்மதி, யாராவது லீவு போடலாமே என்று. அந்தப் பிள்ளைகள் எதில் வருகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டதில்லை. கடைசி இரண்டு வருடம் பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்க) கூட்டத்தில் நான் சண்டை போட்டு பஸ் காசு கொடுக்க வைத்தேன். மதியச் சாப்பாடும் எங்களோடு. அவ்வளவுதான் முடிந்தது.

உன் அம்மா கேட்டதை நீ விட்டுவிடாதே. எத்தனை பீரியட், எந்த வகுப்பு, யாருக்குப் பதிலாக எடுத்தாய் என்று சான்றிதழில் எழுதி வாங்கினாயா? வாங்கவில்லை என்றால் இப்போதும் போய்க் கேட்கலாம், டைம்டேபிளும் உன் ரெக்கார்டும் கையில் இருக்கட்டும்.