இரண்டரை ரூபாய்ச் சூரிய மின்சாரம் இருக்கும்போது உடன்குடி அனல் மின்நிலையத்தை விரிவாக்க வேண்டுமா?

தேரிமணல்:
2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் தொடங்கப்பட்டபோது, அதன் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு தர நம் மின்வாரியம் ஒப்புக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கிவிட்டது. இன்னொரு பக்கம் வடசென்னை அனல் மின்நிலையத்தின் மூன்றாம் நிலையைப் பாருங்கள். 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட அந்த 800 மெகாவாட் அலகுக்குச் சுமார் 10,000 கோடி ரூபாய் செலவாகியிருக்கிறது, அதாவது மெகாவாட்டுக்குப் பன்னிரண்டரைக் கோடி. ஒடிசாவின் தால்சர் சுரங்கத்தில் ரயிலேறி, பாரதீப்பில் கப்பலுக்கு மாறி, எண்ணூரில் வந்திறங்கும் நிலக்கரியின் செலவு இதில் சேராது. உப்பூரில் 800 மெகாவாட் அலகுகள் இரண்டுக்கான பணி 2021இல் நின்றுபோனதையும் பார்த்தோம். இதற்கெல்லாம் பிறகும், 660 மெகாவாட் அலகுகள் இரண்டைக் கொண்ட உடன்குடித் திட்டத்தில் மேலும் அலகுகள் வேண்டும் என்று பேசுவதற்கு என்ன கணக்கு இருக்கிறது?

மேட்டூர் பொறியாளர் (ஓய்வு):
நீங்கள் சொல்லும் இரண்டரை ரூபாய் எல்லாம் நண்பகல் மின்சாரத்தின் விலை. மாலை ஆறரை மணிக்கு அந்த மின்நிலையம் என்ன விலை சொன்னாலும் தருவதற்கு அதனிடம் ஒரு யூனிட்கூட இருக்காது. வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் குளிர்சாதனமும் ஒருசேர ஓடத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். அப்போது மின்சந்தையில் வாங்கப் போனால், ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கும் உச்சவரம்பான 10 ரூபாயைக் கொடுக்க வேண்டிய நாட்களும் உண்டு. ஆகவே இரண்டு மின்நிலையங்களின் யூனிட் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது திட்டமிடல் ஆகாது.

முதலீட்டையும் சரியாக ஒப்பிடுங்கள். ஆண்டுச் சராசரியாகத் தன் முழுத் திறனில் 70 விழுக்காடு ஓடும் அனல் அலகின் ஒரு மெகாவாட் ஆண்டுக்கு 61 லட்சம் யூனிட் தரும். சூரிய மின்நிலையத்தின் ஒரு மெகாவாட், 20 விழுக்காடு என்று கொண்டால், பதினேழரை லட்சம்தான் தரும். அதே யூனிட்டுகளைப் பெற மூன்றரை மெகாவாட் நிறுவ வேண்டும். மெகாவாட்டுக்கு நான்கு கோடி என்று வைத்தாலும் பதினான்கு கோடி ஆகிறது. மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் நிலமும் வேண்டும்.

தேரிமணல்:
பதினான்கு கோடி என்ற கணக்கை நான் மறுக்கவில்லை, ஐயா. ஆனால் அதற்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அங்கே எரிபொருள் செலவு இல்லை. உங்கள் 61 லட்சம் யூனிட்டுக்கு, யூனிட்டுக்கு மூன்று ரூபாய் நிலக்கரி என்று குறைவாகவே போட்டாலும், ஆண்டுதோறும் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கு மேல் எரிந்துபோகிறது.

அந்த 70 விழுக்காடும் இனி எங்கிருந்து வரும்? பகலெல்லாம் சூரிய மின்சாரமும், மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்களின் காற்று மின்சாரமும் வந்து நிறைந்தால், அனல் அலகைக் குறைத்துத்தான் ஓட்ட முடியும். பன்னிரண்டரைக் கோடி முதலீட்டுக்கு வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 15 விழுக்காடு என்று கொண்டால் நிலைச்செலவு சுமார் 1 கோடியே 90 லட்சம். 70 விழுக்காடு ஓடினால் அது யூனிட்டுக்கு மூன்று ரூபாய் சொச்சம். 40 விழுக்காடுதான் ஓடுகிறது என்றால் ஐந்து ரூபாய் நாற்பது காசு. அதன் மேல் நிலக்கரி விலை வரும்.

நூற்பாலைக் கணக்கர்:
இடையில் ஒரு சொல். அலகு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த நிலைச்செலவை மின்வாரியம் கட்டியே ஆக வேண்டும், கடைசியில் அது எங்களைப் போன்ற நுகர்வோரின் கட்டணத்தில்தான் வந்து நிற்கும். எங்கள் ஆலைக்குச் சொந்தக் காற்றாலைகள் இருப்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். ஆனி, ஆடியில் விளையும் மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டுத் தை, மாசியில் எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ ஏற்பாட்டில்தான் எங்கள் லாபமே இருக்கிறது. எந்தக் கிடங்கிலும் யாரும் அதைச் சேமித்து வைப்பதில்லை. நாங்கள் திரும்ப எடுக்கும் மாதத்தில் வாரியம் வேறெங்கோ உற்பத்தி செய்தோ வாங்கியோ கொடுக்கிறது. காற்றாலை மின்சாரம் மலிவு என்று பேசும்போது இந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் பேச வேண்டும்.

மேட்டூர் பொறியாளர் (ஓய்வு):
கணக்கர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். நிலையத்துக்குள்ளேயும் அப்படியொரு செலவு இருக்கிறது. 210 மெகாவாட் அலகைப் பாதிக்கும் கீழே இறக்கினால் கொதிகலனில் தழல் தள்ளாடும். அணையாமல் காக்க எண்ணெயைப் பீய்ச்ச வேண்டும். முற்றிலும் நிறுத்திவிட்டாலோ, குளிர்ந்த அலகை மறுபடி வலையமைப்பில் இணைக்கப் பல மணி நேரம் ஆகும். தினமும் ஏற்றி இறக்குவதால் குழாய்களில் ஏற்படும் வெடிப்புகளுக்கு எந்தச் சூரிய ஏலத்திலும் விலை போடப்படுவதில்லை.

தேரிமணல்:
ஏற்றி இறக்க முடியாத இயந்திரங்களை மேலும் வாங்க வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல வாதம் எனக்குக் கிடைக்காது. மாலை நேரத்துக்கு வழி நம்மிடமே இருக்கிறது. காடம்பாறையில் 100 மெகாவாட் எந்திரங்கள் நான்கு 1980களின் இறுதியிலிருந்து இருக்கின்றன. இரவில் மிஞ்சும் மின்சாரத்தால் மேல் அணைக்கு நீரை ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்குவதற்காகக் கட்டப்பட்டவை. மிஞ்சும் நேரம் இப்போது நண்பகலுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஏற்றியதில் ஏறத்தாழ முக்கால் பங்கு திரும்பக் கிடைத்தாலும், இரண்டரை ரூபாய் மின்சாரம் மாலையில் மூன்றரை ரூபாய்க்குள் அடங்கும். மின்கலன் பக்கமும் விலை இறங்கிவிட்டது. 2024 இறுதியில் இந்தியச் சூரிய ஆற்றல் கழகம் நடத்திய ஏலத்தில், நான்கு மணி நேரச் சேமிப்புடன் கூடிய சூரிய மின்சாரமே 3 ரூபாய் 52 காசுக்கு வந்தது.

மேட்டூர் பொறியாளர் (ஓய்வு):
காடம்பாறை கட்டி முடிந்துவிட்ட நிலையம், அதன் முதலீட்டை விட்டுவிட்டு மூன்றரை ரூபாய் என்கிறீர்கள். அதுவும் 400 மெகாவாட்தான். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதேபோன்ற குந்தா நீரேற்றுத் திட்டத்தின் 500 மெகாவாட் எத்தனை ஆண்டுகள் இழுத்தது என்பது உங்களுக்கே தெரியும்.

நான்கு மணி நேர மின்கலன் ஒரு மாலைக்குப் போதும் என்பதை ஏற்கிறேன். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் தொடர்ந்து நான்கு நாள் மூடிக்கிடந்தால், காற்றும் இல்லாத அந்த நாட்களில் மின்கலனை எதைக் கொண்டு நிரப்புவீர்கள்? அணு மின்சாரம் என்று யாரும் சொல்வதற்கு முன் நினைவூட்டுகிறேன்: 2002இல் கட்டத் தொடங்கிய கூடங்குளம் முதல் அலகு வணிக உற்பத்திக்கு வந்தது 2014இன் கடைசியில்.

தேரிமணல்:
மழை நாட்களில் தேவையும் சரிகிறது என்பதை விட்டுவிட்டீர்கள். மிச்சமுள்ள பற்றாக்குறைக்குத் தூத்துக்குடியின் ஐந்து அலகுகளும் மேட்டூரும் இருக்கின்றன. அவற்றின் முதலீட்டுக் கடன் பெரும்பாலும் தீர்ந்துவிட்டதால், ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஓடினாலும் நட்டமில்லை. அந்தச் சில வாரங்களுக்காகப் புதிதாக ஆயிரக்கணக்கான கோடி கடன் வாங்கத் தேவையில்லை.

மேட்டூர் பொறியாளர் (ஓய்வு):
தூத்துக்குடியின் முதல் அலகு 1979இல் ஓடத் தொடங்கியது. சும்மா நிறுத்தி வைத்திருந்து, கூப்பிட்ட நாளில் ஓடும் வயது அதற்கு இல்லை. ஐந்து அலகுகளையும் இன்னும் பத்து ஆண்டு தயார்நிலையில் வைத்திருப்பதற்கான சீரமைப்பு, ஆள்கூலி, கையிருப்பு நிலக்கரி ஆகியவற்றை உங்கள் 3 ரூபாய் 52 காசுடன் சேர்த்து, யூனிட்டுக்கு என்ன வருகிறது என்று போட்டுக் காட்டுங்கள். அது உடன்குடியின் விலைக்குக் கீழே நின்றால் விரிவாக்கம் வேண்டாம் என்று நானே எழுதுகிறேன்.

நூற்பாலைக் கணக்கர்:
உடன்குடிக்கும் 40 விழுக்காடு என்றே கணக்குப் போடுங்கள், ஐயா. 70 என்று போட்டால் மீதிச் செலவு எங்கள் கட்டணத்தில் ஏறிவிடும்.