ராஜபார்ட் (நாடகக் கதாநாயகன்) இன்னும் வரவில்லை, போனில் எப்படிப் பேசுவது?

தொண்டிக்காரன்:
திருவிழாவுக்கு வள்ளி திருமணம், மேடைப் பொறுப்பு என் தலையில். ராத்திரி 10 மணிக்கு நாடகம், 9.30 ஆகியும் ராஜபார்ட் அண்ணனைக் காணோம். போன் போட்டால் "பக்கத்துலதான் தம்பி" என்கிறார், பின்னால் பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு கேட்கிறது. கமிட்டியில் நாலு பேர் ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டுக் கத்தியதில் போனையே அணைத்துவிட்டார். என்ன செய்வது?

மண்டபம் மைக்செட்:
"எங்கே இருக்கீங்க" என்று கேட்டால் எல்லோரும் பக்கத்தில்தான் என்பார்கள் தம்பி. வழியில் உள்ள ஊர்ப் பெயரைச் சொல்லி, "தேவிபட்டினம் தாண்டிட்டீங்களா" என்று கேளுங்கள். ஒரே ஆள்தான் பேச வேண்டும். டிரைவர் நம்பரை முன்பணம் கொடுக்கும்போதே வாங்கிவிடுங்கள். வண்டியில் வருகிறவரைத் திட்டினால் மேடையில் அவருக்குத் தொண்டை திறக்காது, சண்டையை விடிந்ததும் கணக்கு முடிக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

பழைய ஆர்மோனியம்:
அதைவிட முக்கியம், பபூனிடம் (கோமாளி நடிகரிடம்) உண்மையைச் சொல்வது. பபூனும் டான்ஸ் ஆடுபவரும் முதலில் வருவதால் ஒரு மணி நேரம் கூட இழுப்பார்கள், ஆனால் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று தெரியாவிட்டால் பாவம், அதே ஜோக்கைத் திருப்பிச் சொல்லி மாட்டிக்கொள்வார். ஒருமுறை எங்கள் ராஜபார்ட் டயர் பஞ்சராகி, காரிலேயே அரிதாரம் பூசி, ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டி வந்து இறங்கினார்.

சபா ரசிகை:
இங்கிலாந்து நாடக அரங்குகளில் நடிகர்களுக்கான 'அரை மணி' அழைப்பு என்பதே திரை விலக 35 நிமிடம் முன்பு. அதற்குள் வராதவருக்குப் போன் போகும், மாற்று நடிகரும் தயாராவார்.

தொண்டிக்காரன்:
இங்கே மாற்றுக்கு எங்கே போவது அக்கா! டிரைவர் நம்பர் யோசனை நல்லது, அடுத்த தடவை வாங்கிவிடுகிறேன்.