பழைய டஸ்டர் டீசல்: டைமிங் பெல்ட்டை இப்பவே மாத்தணுமா?

வணக்கம். 2014 மாடல் ரெனோ டஸ்டர், 1.5 டீசல், செகண்ட் ஹேண்ட். மீட்டர்ல 78,000 கி.மீ. சர்வீஸ் புக் இல்ல, மீட்டரையும் முழுசா நம்ப முடியாது. டைமிங் பெல்ட் (பிஸ்டனை இயக்கற கிராங்க் தண்டையும் வால்வைத் திறக்கற கேம் தண்டையும் இணைச்சு சுத்த வைக்கற ரப்பர் பெல்ட்) மாத்தினதுக்கு பில்லோ, இன்ஜின் பக்கம் ஒட்டுற தேதி ஸ்டிக்கரோ கிடையாது.

மேல் கவரைக் கழட்டிப் பார்த்தா வெடிப்பு இல்ல, நூல் பிரியல, ஆயில் கசிவும் இல்ல. ஆனா இதை வச்சு பெல்ட் நல்லா இருக்குன்னு சொல்லிட முடியாது. வண்டி ஓடாம நின்னாலும் வருஷக்கணக்குல ரப்பர் இறுகிடும். அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினோட மேல்பாகமான ஹெட்டை இறக்கற செலவு. அதனால பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனரும் மாத்தறது உறுதி.

கூடவே வாட்டர் பம்ப்பும் போட்டுடலாமா? அதைச் சுத்த வைக்கறதும் இதே பெல்ட்தான். பின்னாடி கசிஞ்சா மறுபடி முழுக் கூலி. பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டரோட பெல்ட்டும் லிஸ்ட்ல இருக்கு. அது பிஞ்சா நார் கிராங்க் புல்லிக்குப் பின்னாடி போய் டைமிங் பெல்ட்டுல சிக்கிக்கும் (இந்த இன்ஜின்ல பலரும் கோட்டை விடற இடம்).

பெயிண்ட் குறியை மட்டும் நம்பாம, கேம், கிராங்க் ரெண்டும் அசையாம லாக் பின் போட்டுச் செய்யற மெக்கானிக் கோவை பக்கம் தெரிஞ்சா சொல்லுங்க. கிட் விலை, கூலி தனித்தனியா வேணும்.