முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை: கதை எழுதுவோரிடம் ஒரு கேள்வி

மைக்கூடு:

வணக்கம். சில ஆண்டுகளாகச் சிறுகதை எழுத முயன்று வருகிறேன். கதைக்கரு கிடைப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் எழுத உட்கார்ந்ததும் முதல் பத்தியையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கதை அதற்கு மேல் நகர்வதில்லை. எப்படியோ முடித்த ஓரிரு கதைகளையும் இதழ்களுக்கு அனுப்பத் துணிவு வரவில்லை. இன்னும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தள்ளிப்போடுகிறேன், பார்க்கும்போதெல்லாம் புதிதாக ஒரு குறை கண்ணில் படுகிறது. படித்த நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றாலும், என் மேலுள்ள அன்பினால் அப்படிச் சொல்கிறார்கள் என்றே தோன்றுகிறது. செம்மையாக எழுத வேண்டும் என்ற விருப்பத்தைக் கைவிட எனக்கு மனமில்லை. அதை வைத்துக்கொண்டே கதையை முடிப்பது எப்படி என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஓரக்குறிப்பு:

நீங்கள் சொல்வதில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. நண்பர்களின் பாராட்டை நம்ப முடியாத நிலையை, பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் எழுதிய கட்டுரையில் விவரித்திருக்கிறார்கள். சாதித்துக் காட்டிய பெண்களிடம் பேசி எழுதப்பட்ட கட்டுரை அது. தகுதி இருந்தும் தாம் பிறரை ஏமாற்றிவருவதாகவே அவர்கள் உள்ளூர எண்ணியிருந்தார்கள். இன்னொன்று, குறையே இருக்கக் கூடாது என்ற பிடிவாதம். பால் ஹியூவிட், கோர்டன் ஃப்ளெட் ஆகியோர் 1991இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. மனச்சோர்வோடு நெருங்கிய தொடர்புடையதாகப் பல ஆய்வுகள் காட்டுவது மூன்றாவதை. ஆகவே திருத்த உட்காரும்போது, இந்த வரி உங்களுக்கே பிடிக்கவில்லையா, அல்லது யாரோ ஒருவர் முகம் சுளிப்பதாக எண்ணித் திருத்துகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது என்றால் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

சாளரம்:

உளவியல் ஒருபுறம் இருக்கட்டும், கதைத்தொழிலைச் சார்ந்தே ஒரு காரணம் சொல்கிறேன். முடிவு எழுதப்படாத கதையின் முதல் பத்தி நன்றாக இருக்கிறதா என்பதை எவராலும் தீர்மானிக்க முடியாது. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ‘அப்பா கடிதத்தைப் படிக்காமலே மடித்து வைத்தார்’ என்று ஒருவர் கதையைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அது வெறுமையாகத் தோன்றவே, ‘மடிப்புகளுக்குள் உறங்கிய சொற்களை எழுப்ப அஞ்சியவராய் அப்பா அக்கடிதத்தை மீண்டும் மடித்து வைத்தார்’ என்று மாற்றுகிறார். முதல் வரி, ஏன் படிக்கவில்லை என்ற கேள்வியை வாசகரிடம் விட்டுவைத்தது. இரண்டாவது, அச்சம் என்ற விடையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. ஒருவேளை கடைசிப் பக்கத்தில், அக்கடிதத்தில் இருப்பது அப்பாவுக்கு முன்பே தெரியும் என்று கதை திரும்புமானால் அந்த அச்சமே பொய்யாகிவிடும். கடைசிப் பக்கம் இல்லாத நிலையில் இந்த இரண்டு வரிகளில் எது மேல் என்று எதைக் கொண்டு அளப்பது? உங்கள் ஐயம் கூர்மையானதுதான், ஆனால் அளவுகோல் கையில் இல்லாத நேரத்தில் அதை வேலை வாங்குகிறீர்கள். முடிவுவரை எழுதுங்கள். பிடிக்காத இடத்தில் ஓரமாக ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். முடித்த பின், கோடு போட்ட இடங்களில் பாதி தாமாகவே சரியாகத் தோன்றும். மீதியை எப்படித் திருத்துவது என்பதும் அப்போது தெளிவாகும்.

மெல்லிசை:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஆயினும் தாமதம் முழுவதையும் நோயாகக் கருதிவிடக் கூடாது. ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ் தம் முதல் சிம்பொனிக்கான குறிப்புகளை 1850களிலேயே எழுதத் தொடங்கினார்; அது அரங்கேறியது 1876 நவம்பரில், அவருடைய 43ஆம் வயதில். அவருக்கு முந்தைய தலைமுறையின் சிம்பொனி மேதை பீத்தோவனின் நிழல் அவரை அவ்வளவு அழுத்தியிருந்தது. கவனிக்க வேண்டியது, அந்த இடைவெளியில் அவர் வாய்மூடி இருக்கவில்லை என்பதே. 1868இல் ‘ஜெர்மன் ரெக்வியம்’ என்ற இரங்கல் இசைப்படைப்பு முழுமையாகிவிட்டது, 1873இல் ‘ஹைடன் கருப்பொருள் மீதான மாறுபாடுகள்’ என்ற, ஒரே மெட்டைப் பலவாறு மாற்றி இசைக்குழுவுக்காக எழுதிய படைப்பும் வந்துவிட்டது. ஒரு படைப்பு காத்திருக்க, மற்றவை வெளியே போய்க்கொண்டிருந்தன. அந்தச் சிம்பொனி அரங்கேறிய பிறகும் அவர் அதன் இரண்டாம் பகுதியை மாற்றி அமைத்து, அதன் பின்னரே 1877இல் அச்சுக்குக் கொடுத்தார். பிறர் காதில் விழுந்த பின்னும் திருத்தலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இதழ் திருப்பி அனுப்பினாலும் கதை உங்களுடையதுதான், மீண்டும் கைவைக்க யாரும் தடுக்கப்போவதில்லை.

மைக்கூடு:

மூவருக்கும் நன்றி. ஓரமாகக் கோடு போடும் முறையை இன்றே தொடங்குகிறேன். ஒரே ஒரு ஐயம்: முழுக் கதையும் முடிந்த பிறகு, திருத்தியது போதும் என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

சாளரம்:

திருத்தத்தின் காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். ‘அம்மா அறைக்குள் வந்தது வாசகருக்குத் தெரியவில்லை’ என்பது காரணம். அதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்துவேன். ‘ஏதோ குறைகிறது’ என்று மட்டுமே சொல்ல முடிந்தால், கதையை மூடிவிட்டு, உங்களிடம் தயவுதாட்சண்யம் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எந்த இடத்தில் கவனம் சிதறியது என்று கேளுங்கள். அன்பினால் சொன்னாரோ என்று சந்தேகிக்க அந்தப் பதிலில் இடமிருக்காது. அவர் காட்டும் இடத்தை மட்டும் சரிசெய்துவிட்டு இதழுக்கு அனுப்புங்கள், பதில் வருவதற்குள் அடுத்த கதையைத் தொடங்கிவிடுங்கள்.