புதுப்பிப்பு: ஆவண எடுத்துக்காட்டுகளை டெஸ்ட்டிலிருந்து பிரித்தாயிற்று

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளுக்காக வேலூரில் நாங்கள் எழுதும் பைத்தான் லைப்ரரியில், ஆவண எடுத்துக்காட்டுகளே டாக்டெஸ்ட்டாகவும் (எடுத்துக்காட்டை ஓட்டி, அதில் எழுதியிருக்கும் விடையே வருகிறதா என்று பார்க்கும் பைத்தான் சோதனை) ஓடின. டாக்டெஸ்ட் வெளியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். 100 சதுர டெசிமீட்டர் தோல் 10.76 சதுர அடி என்று காட்டினால் போதும், ஆனால் 10.7639 என்று நீளும் தசமத்தை அடக்க வரிக்கு வரி ரவுண்ட் போட வேண்டியிருந்தது. படிக்கிறவருக்கு அது வெறும் தொல்லை.

கைகொடுத்தது, எடுத்துக்காட்டுகளைத் தனிக் கோப்புகளில் வைத்து ஆவணம் உருவாக்கும் கருவியான ஸ்பிங்ஸின் லிட்டரல்இன்க்ளூட் கட்டளை மூலம் ஆவணத்துக்குள் இழுக்கச் சொன்ன யோசனைதான். விடை சரிபார்ப்பு பைடெஸ்ட் என்ற தனிச் சோதனைக் கருவிக்குப் போய்விட்டது. அந்தக் கோப்புகள் பிழையில்லாமல் ஓடுகின்றனவா என்று மட்டும் சிஐ (குறியீடு மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனை அமைப்பு) பார்க்கும்.

எதிர்பாராதது ஒன்று: வரி எண் கொடுத்து இழுத்தால், மேலே ஒரு இம்போர்ட் சேர்ந்ததுமே ஆவணத்தில் வேறு துண்டு வந்து நிற்கிறது. அப்புறம் வரி எண்ணுக்குப் பதில், துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் ஸ்டார்ட்-ஆஃப்டர், எண்ட்-பிஃபோர் குறிகள் வைத்தோம், சரியாகிவிட்டது.