பக்கவாதத்துக்குப் பிறகு மூச்சுப் பயிற்சி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். லேசான பக்கவாதத்திலிருந்து அப்பா தேறிவருகிறார். இடது கை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரையும் தொடர்கிறது. மூச்சை விசையோடு வெளியே தள்ளும் கபாலபாதி என்ற பயிற்சியை வேகமாகச் செய்தால் மூளைக்கு ரத்தம் நன்றாகப் பாயும் என்று யோகா ஆசிரியர் ஒருவர் சொல்ல, அப்பாவும் விடாமல் செய்தார். நடுவிலேயே தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொள்வார். பார்க்கவே பதறும். இப்போதைக்கு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

படித்துப் பார்த்தால் விஷயம் நேர்மாறாக இருக்கிறது. அளவுக்கு மீறி வேகமாக மூச்சு வாங்கி விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. உடனே மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்த ஓட்டமும் குறைகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அங்கே போய்ச் சோதனை செய்து பார்க்கலாமா?

மனக்கணக்குப் போடும்போது மூளையில் வேலை செய்யும் பகுதிக்குக் கூடுதல் ரத்தம் போகுமாம். அதனால் மாலையில் 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்கிறேன். 93, 86 சட்டென்று வரும். 79க்கு நெற்றியைச் சுருக்குவார். ஆனாலும் விடமாட்டார்.

குழுவில் நரம்பியல் மருத்துவர்கள், இயன்முறை மருத்துவர்கள் இருந்தால் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற மெதுவான முறை இவருக்குச் சரிவருமா? மூச்சை அடக்கும் கும்பகத்தைத் தவிர்க்க வேண்டுமா? அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் வேறு என்ன கேட்க வேண்டும்? வீட்டில் இதே நிலையைக் கடந்தவர்களும் அவசியம் எழுதுங்கள்.